திருப்பிப் போடாத பிலிம்

ஏழு பேர் செதுக்கினார்கள். தட்டில் எட்டுக் காது இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். காதில்லாமல் பிறந்தவர்களுக்கு விலாக் குருத்தெலும்பைச் செதுக்கிக் காது வைக்கும் வேலையை இளம் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். ஆள் மேல் கத்தி வைக்கும் முன் சோப்புக்கட்டியில் கை பழக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஈரச் சோப்பின் வாசனை அறையை விட்டுப் போகாமல் கிடந்தது, சாயங்கால வெயிலில் மேசையெங்கும் வெள்ளைச் சீவல்கள் சுருண்டிருந்தன, எதிரே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டேதான்.

எட்டாவது மற்றவற்றைவிட நேர்த்தி. ஆனால் இன்றைய பயிற்சி இடது காது, இது வலது.

அந்தத் தப்பு அவளுக்குத் தெரியும். இருக்கிற காதைத் தெளிந்த பிலிம் தாளில் வரைந்து, பிலிமைத் திருப்பிப் போட்டுத்தான் இல்லாத காதைச் செதுக்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் அவள் திருப்ப மறந்தாள். கண்ணாடி மாட்டிக்கொள்ள ஒரு காது கேட்டு வந்த சின்னப் பெண்ணின் விலாக் குருத்தெலும்பு குப்பைக்குப் போனது. பிலிமை வைத்தவன் பயிற்சி டாக்டர் என்று விசாரணையில் சொன்னாள். வாய் கூசவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வேலை போன அவன், உண்மையை ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தான். இன்று ஐந்து மணிக்குள் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். காலையில் அதைக் கிழித்துப் போட்டாள். மதியம் போனில் வந்தான்.

"யாருமே நான் சொல்றதக் காது கொடுத்துக் கேக்கல, மேடம். நீங்களாவது கேளுங்க."

"இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டாச்சுப்பா. போன வை."

இப்போது எட்டாவது காதைக் குழாயடியில் பிடித்துத் தேய்த்தாள். நுரைத்தது, மெலிந்தது, விளிம்பு மழுங்கி விரலிடுக்கில் வழிந்தது. அது கரையக் கரைய அவளுடைய இடது காது மரத்துக்கொண்டே வந்தது. கடைசித் துணுக்கும் போனது. தட்டைப் பார்த்தாள். ஏழு. அப்பாடா என்றிருந்தது.

கண்ணாடி இடப்பக்கம் நழுவியது.

ஏற்றினாள். நழுவியது. காதைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. வழவழப்பு. நகத்தில் சோப்பு. பின்னால் இருக்க வேண்டிய வளைவு முன்னால் இருந்தது. துளை பின்னால்.

கடிகாரத்தில் ஐந்தேகால்.

"எழுதித் தரேன்," என்றாள். அவள் குரலே அந்தக் காதில் விழவில்லை. எதிரே சொட்டும் குழாயும் விழவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் கேட்டது. மிக அருகில். நிதானமாக. சோப்பைச் சீவும் கத்தி.

வலது காது குளிர ஆரம்பித்தது.