பாங்குக்கு முந்தின மணம்

ஜமால்தீன் ஹாஜியாரின் உடல் ட்ரொலியில் உள்ளே வந்தபோது, அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

உடலுக்குள் உயிரும் கொஞ்சம்தான் இருந்தது...

"மாமா நோன்பு, டொக்டர்," என்றான் மருமகன் முனாஸ். "விடியச் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணி கூட வாயில படல்ல. துறைமுகத்து வெயில்ல வள்ளத்தடியில நிண்டவர்... அப்படியே விழுந்திட்டார்."

டொக்டர் ரிப்கா கொட்டாவியை அடக்கினாள். காலையில் தொடங்கிய வேலை. அவளும் நோன்பு.

"வயசான ஆக்களுக்கு இது வழமைதான். சேலைன் ஏத்துவம்."

முனாஸ் உள்ளுக்குள் சிரித்தான்.

இதற்காகத்தானே காத்திருந்தான்! காலையென்றால் டொக்டருக்கு மூளை பளிச்சென்றிருக்கும். குடைந்து குடைந்து கேட்பாள். வேலை முடியும் நேரத்தில்தான் டொக்டர்மார் அதிகம் பிழை விடுவார்களாம்... போனில் படித்திருந்தான். பசித்தால் மூளை மங்கும் என்றும் அதில் போட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால்?

மாமா போனால் வள்ளங்கள் அத்தனையும் அவன் கைக்கு.

தாதி லோஜினி சேலைன் போத்தலை எடுத்தாள். ஹாஜியாரின் கண்ணைப் பார்க்க ரிப்கா குனிந்தாள்.

அப்படியே நின்றாள்.

மூக்கு விடைத்தது.

"லோஜினி... இங்க ஆர் புரியாணி வச்சிருக்கிறது?"

"ஒருத்தரும் இல்ல, டொக்டர். உங்களுக்குப் பசி."

"இல்ல. கோழிப் புரியாணி. ரம்பை இலை போட்டது... பக்கத்தில மாசிச் சம்பலும் இருந்திருக்கு."

இன்னும் குனிந்தாள். ஹாஜியாரின் தாடியருகே.

"முனாஸ், மாமா நோன்பெண்டா சொன்னீங்க?"

"ஓம்... ஓம், டொக்டர்."

"அப்ப புரியாணியும் சேர்ந்து நோன்பு பிடிச்சிருக்கு."

கொட்டாவி போன இடம் தெரியவில்லை. ரிப்கா நாடியைப் பிடித்தாள்.

"களைப்பெண்டா நாடி ஓடோணும். இது தவழுது. லோஜினி, இது நோன்பு மயக்கம் இல்ல... நஞ்சு. அலரி விதை மாதிரிக் கிடக்கு."

முனாஸ் வாசலைப் பார்த்தான்.

வாசலில் நின்ற காவலாளி அருளம்பலம் முனாஸைப் பார்த்தார்.

"எங்க தம்பி, நோன்பு திறக்கவோ? இருங்க, பொலிசும் வரட்டும்."

பாங்கு ஒலித்தது. லோஜினி ஒரு பேரீச்சம்பழத்தை ரிப்காவின் வாயில் வைத்தாள். ரிப்காவின் கை இரண்டும் ஹாஜியாரிடம்தான் இருந்தன.

மாற்று மருந்து ஏறி ஹாஜியார் கண் திறந்தபோது, முனாஸின் கையில் விலங்கு.

"பசிச்சா மூளை மங்குமெண்டு போட்டிருந்தாங்களே," என்று முணுமுணுத்தான்.

"மூளைதான் மங்கும்," என்றாள் ரிப்கா. "மூக்கப் பத்தி ஒண்டும் போடல்லையா?"

பொலிஸ் சார்ஜன் தங்கரத்தினம் கட்டிலருகே வந்தார்.

"ஹாஜியார், சாப்பாடு தந்தது ஆர்?"

ஹாஜியார் ரிப்காவின் கையைப் பிடித்தார்.

"மகள்... எனக்குச் சீனி வருத்தம். நோன்பு பிடிக்க ஏலாது. வெளியில சொல்ல வெக்கம். மருமகன்தான் ஒவ்வொரு நாளும் ஒளிச்சுக் கொண்டந்து தாறவர். தங்கமான பொடியன்."

"இண்டைக்கு அந்தத் தங்கம் அலரி விதையையும் அரைச்சுப் போட்டிருக்கு," என்றாள் ரிப்கா.

ஹாஜியார் முனாஸைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார்.

"அவனப் பத்தி எல்லாத்தையும் எழுதுங்க, சார்ஜன். புரியாணிய மட்டும் விட்டுடுங்க... நான் பள்ளிவாசல் தலைவர்."

ரிப்கா சிரித்தாள்.

"ஏலாது, ஹாஜியார். வழக்குக்கு ஒரே சாட்சி அதுதான்."