தறியைக் கொஞ்சம் பாத்துக்கோ

பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கண்ணுக்கு எட்டியவரை அந்தக் கூடத்தில் ஒரு தறியும் ஓடவில்லை.

சாடைக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, எங்கேயோ ஒரு தறி ஓடுகிறது. ஆயுசில் பாதியை நெசவு மில்லில் கழித்தவள். மில் இரைச்சல் காதைத் தின்றுவிட்டாலும், தறி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை இன்றைக்கும் பாதமே சொல்லிவிடும். அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால் மில் பெண்கள் குரலே இல்லாமல் உதட்டை அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தக் கோடியில் ஒருத்தி மேஸ்திரியைத் திட்டினால் இந்தக் கோடியிலிருந்து இவள் படித்துவிட்டுச் சிரிப்பாள். சாடைக்காரி என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பழைய ஆலை நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த கூட்டத்தில் ஜோடி இல்லாத ஆள் அவள் ஒருத்திதான். டிக்கெட் மகன் எடுத்துக் கொடுத்தது. அப்பா போன பிறகு அம்மா நாலு சுவருக்குள் முடங்கிக் கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. சுற்றுலா முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், இனி எங்களோடுதான் என்று போனில் எழுதி அனுப்பியிருந்தான். போனில் பேசினால் அவளுக்குக் கேட்காது; அவன் குரலைக் கேட்டே வருஷக்கணக்காகிறது. அவன் வீட்டு வாசலில் போய் நிற்கப்போகும் நாளை நினைத்துத்தான் இந்தப் பயணத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கூட வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. மில்லுக்கு வெளியே உள்ள மனிதர்கள் வாயைத் திறக்காமலே பேசுகிறார்கள், பாதிப் பேச்சில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவி முதல் நாள் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, "பாவம், காது கேக்காது போல" என்றாள். அதை மட்டும் சாடைக்காரி ஓர் எழுத்து விடாமல் படித்தாள். அதற்கப்புறம் அவளிடம் யாரும் பேசவில்லை.

வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைக் கொதிகலன் அறைக்கு அழைத்துப் போய்விட்டாள். இவள் மட்டும் நின்றுவிட்டாள். வெயில் சாய்ந்து, அழுக்கு ஜன்னல்களின் வழியே மங்கிய மஞ்சளாக உள்ளே விழுந்தது. வரிசை வரிசையாகத் தறிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் அந்தக் காலத்து உடுப்பில் தலைமுடியை இறுகக் கட்டிய ஒரு சுண்ணாம்புப் பொம்மைப் பெண். எத்தனையோ காலமாக மூடிக் கிடந்த ஆலையில் சூடான எண்ணெய் வாசனையும், அடித்தொண்டையில் ஒட்டும் பஞ்சுத் தூசியின் வாசனையும் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே அவள் அதிர்வு போன வழியே உள்ளே நடந்தாள்.

கடைசி வரிசையில், ஜன்னலோரத்தில், அந்தத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அதே அந்தக் காலத்து உடுப்பில் நின்ற ஒருத்தி தலையைத் திருப்பி உதட்டை அசைத்தாள்.

"அக்கா, நீ மில்லுக்காரியா?"

ஓட்டிக் காட்டுவதற்காக வேஷம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று சாடைக்காரி நினைத்தாள். அடுத்த நொடியே அந்த நினைப்பும் போய்விட்டது, ஏனென்றால் ஒருத்தி அவளிடம் பேசுகிறாள், அதுவும் அவள் பேச்சில். கண் கலங்கிவிட்டது.

"நெசவுல இருந்தேன். எப்படிக் கண்டுபிடிச்ச?" அவளும் குரலில்லாமல் கேட்டாள்.

"வெறுங்காலோட நிக்கிறியே. உங்க மேஸ்திரி எப்படி?"

"போய்ச் சேந்துட்டான். அங்க போயும் கூலியைப் பிடிச்சுக்கிட்டுதான் இருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

"அக்கா, தறியைக் கொஞ்சம் பாத்துக்கோயேன். இப்ப வந்துடுறேன்."

மில்லில் இதற்கு மறுப்பே கிடையாது. கேட்டால் தலையாட்ட வேண்டும். தலையாட்டிவிட்டால், போனவள் திரும்பும்வரை தறி உன் பொறுப்பு. சங்கு ஊதினாலும் சரி, வீட்டில் பிள்ளை அழுதாலும் சரி, விட்டுவிட்டுப் போகக்கூடாது. சாடைக்காரி பழக்கத்தில் தலையாட்டிவிட்டாள்.

"சால்வையையும் பையையும் கழட்டிக் குடு. வார்ல மாட்டிக்கிட்டா ஆளையே இழுத்துடும்."

அதுவும் சரியான பேச்சுதான். கழற்றிக் கொடுத்துவிட்டுத் தறியின் பிடியில் கை வைத்தாள். இரும்பு இளஞ்சூடாக இருந்தது. அந்தப் பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நூலை இழுத்துக்கொண்டு ஓடம் இங்கும் அங்கும் பாய்ந்தது. பழைய வேலைக்குத் திரும்பிய சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் போனதே தெரியவில்லை. மேலே சக்கரத்திலிருந்து இறங்கித் தறியை ஓட்டும் வாரில் இழுவை சரியாக இருக்கிறதா என்று, வழக்கம்போல அண்ணாந்து பார்த்தாள்.

மேலே வாரே இல்லை. சக்கரங்கள் துருப்பிடித்து நின்றிருந்தன. தறியை எதுவும் ஓட்டவில்லை.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள். அந்தக் கையும் பிடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கத்தினாள். தொண்டை கிழிவது தெரிந்தது. யாரும் வரவில்லை.

முன்வரிசைப் பொம்மைகள் திரும்பியிருந்தன. எல்லா முகமும் இவளைப் பார்த்து. எல்லா உதடும் அசைந்தது.

"நானும் தலையாட்டினேன்."

"நானும்."

"நானும்."

ஜன்னலுக்கு வெளியே பேருந்து நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டருகே அவளுடைய சால்வை. வழிகாட்டிப் பெண் அந்த முழங்கையைப் பிடித்து ஏற்றிவிடப் போனாள். வங்கிக்காரர் மனைவி ஏதோ கேட்டாள். சால்வைக்காரி பதில் சொன்னாள், உடனே. அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டுச் சிரித்தாள்.

சாடைக்காரி ஜன்னல் கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அது நான் இல்லை. அது நான் இல்லை. அங்கே ஒருவருக்கும் உதட்டைப் படிக்கத் தெரியாது.

சால்வைக்காரி பையிலிருந்து போனை எடுத்தாள். காதில் வைத்தாள். பேசியபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள். தூரம் அதிகம்தான். ஆனாலும் சாடைக்காரியால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

"ஆமாப்பா, அம்மாதான்." போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். "அழாதே. நெசமாத்தான் சொல்றேன், இப்ப நல்லா கேக்குது. நீ பேசு கண்ணு."