எட்டுக்கு வந்தவன்

படையல் வைத்து மூடிய கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சாப்பிட வந்தவர் எழுந்து போவதற்கு நேரம் கொடுக்கிற மரியாதை அது. தவமணி தட்டினாள். உள்ளே இருந்தும் யாரோ தட்டினார்கள்.

திரும்பிக் கணவர் குலசிங்கத்தைப் பார்த்தாள். அவர் சாம்பிராணித் தட்டை ஊதிக்கொண்டு நின்றார். அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

எட்டு நாளைக்கு முன் செத்தவன் அவளுடைய ஒரே தம்பி ராகுலன். கனடாவுக்கு வருகிற வழியில், அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில் தங்கி, பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடையில் வேலை செய்தவன். கூட வேலை செய்த மன்னார்ப் பொடியன் பஸ்ரியன் ஒரு நாள் கடையின் குளிரறைக்குள் விறைத்துச் செத்துக் கிடந்தான். உள்ளே விட்டுப் பூட்டியது ராகுலன்தான் என்று தீர்ப்பாகி மரண தண்டனை கொடுத்தார்கள். கதவு தானாகப் பூட்டுப்பட்டது என்று அவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். தவமணி நம்பினாள். இதற்கிடையில் அந்த மாநிலம் மரண தண்டனையையே ஒழித்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே தீர்ப்பானவர்களுக்கு அது பொருந்தாதாம். மிச்சமிருந்தது ஒரே ஆள். இவனோடு முடிந்தது, இனி இல்லை என்று பத்திரிகைகள் பெருமையாக எழுதின.

தண்டனையை நிறைவேற்றிவிட்டதாக ரொறொன்ரோவின் தமிழ் வானொலியில் வாசித்தார்கள். உடம்பைக் கண்ணால் காணக் கொடுத்துவைக்கவில்லை, செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டையாவது குறையில்லாமல் செய்வோம் என்றுதான் சின்ன அறையில் வாழையிலை விரித்து, அவனுக்குப் பிடித்த ஆட்டிறைச்சியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் படைத்திருந்தாள்.

கதவைத் திறந்தாள். இலை வழித்துத் தின்னப்பட்டிருந்தது. பக்கத்தில் வைத்த செம்புத் தண்ணீர் உறைந்து கட்டியாகிப் போயிருந்தது. அவர்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீடுகளில் ஹீற்றர் போடுகிற போட்டில் மாரிக் குளிரிலும் ஆண்கள் வெறும் சாரத்தோடு திரிவார்கள். அந்த அறையில் மட்டும் மூச்சு புகையாக வந்தது.

"வந்திட்டுப் போயிருக்கிறான்" என்று தவமணி வாய்விட்டு அழுதாள். அது சந்தோஷ அழுகை.

அப்போது தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான். ராகுலன். நான் சாகேல்லை அக்கா!"

வானொலி சொன்னது பிழை. கடைசி நேரத்தில் ஒரு நீதிபதி நிறுத்திவைத்திருக்கிறார். வழக்கறிஞர் திரும்பத் திரும்ப அழைத்தது பார்க்டேலில் இருந்த பழைய வீட்டு இலக்கத்துக்கு. இவர்கள் வீடு மாறியது அவருக்குத் தெரியாது; புது இலக்கம் இன்றைக்குத்தான் கிடைத்ததாம். தவமணி சிரித்தாள், அழுதாள், "என்ரை ராசா, என்ரை குஞ்சு" என்று கத்தினாள். கத்திக்கொண்டே திறந்து கிடந்த அறையைப் பார்த்தாள்.

உயிரோடு இருக்கிறவனுக்கு எட்டு படைத்திருக்கிறாள். அப்படியென்றால் சாப்பிட்டது யார்?

"எலியாய் இருக்கும்" என்றார் குலசிங்கம்.

"பதினோராம் மாடியிலையோ?"

"கனடா எலியெல்லே, லிஃப்ற்றிலை ஏறி வரும். நீர் பேசாமல் படும்."

மறுநாள் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. குலசிங்கம் மாலை வேலைக்குப் போயிருந்தார். சோறு வடித்து இறக்கிய வாசம் வீட்டில் பரவ, குழாய்களின் முனகலுக்கும் கீழே எங்கேயோ ஒரு குழந்தை அழுகிற சத்தத்துக்கும் நடுவே, மூடிய சின்ன அறைக்குள் இருந்து, விரல் மொளியால் அல்லாமல் உள்ளங்கையால், சதையால், களைத்துப்போன ஒருவன் தட்டுவது போல அது தொடங்கியது. தவமணி வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தாள். கந்தசஷ்டி கவசம் சொன்னாள். தட்டல் நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரி ஏறி வந்து, சுவரில் என்ன அடிக்கிறீர்கள் என்று சண்டை பிடித்துவிட்டுப் போனாள். கேட்டது தன் காதுக்கு மட்டுமில்லை என்பதே அவளுக்குப் பெரிய பயமாகிவிட்டது.

கடைசியில் ஒரு கோப்பையில் சோறு போட்டு, கதவை ஒரு சாண் திறந்து உள்ளே தள்ளினாள். தட்டல் நின்றது. மெல்லுகிற சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சொன்னால் குலசிங்கம் டொக்டரிடம் கூட்டிப்போவார். வீடு மாறலாம் என்றால் தம்பி மனப்பாடம் செய்து வைத்திருப்பது இந்த இலக்கத்தை. ஒரு தரம் அது மாறியதால்தான் இவ்வளவும். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. கூப்பிட்டு இலை போட்டவள் அவள். விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள அவளுக்கு எந்த மந்திரமும் தெரியாது.

தை மாதம் நீதிபதி போட்ட தடை நீங்கியது. புதிய நாள் குறித்தார்கள். பின்னேரம் ஆறு மணி.

அந்த நாளன்று குலசிங்கம் வேலைக்குப் போகவில்லை. வழக்கறிஞரின் கடைசி முயற்சியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்க, அஜின்கோர்ட்டில் இருந்த ஒரு சட்டத்தரணியிடம் மதியமே போயிருந்தார். பனி கொட்டி வீதி அடைபட்டுவிட்டது, வரப் பிந்தும் என்று அழைத்துச் சொன்னார். அதன்பிறகு ராகுலனின் அழைப்பு வந்தது.

"சாப்பிட்டியா, தம்பி?"

"தந்தவங்கள். இறங்கேல்லை." பிறகு கேட்டான். "அக்கா, உங்கை ஆர் சாப்பிடுறது?"

தவமணி திரும்பிப் பார்த்தாள். அறைக் கதவு மூடித்தான் இருந்தது.

"ஒருத்தருமில்லை, ராசா."

"மெல்லுற சத்தம் கேக்குது. எனக்குத் தெரியும், அது ஆரெண்டு." அவன் அழத் தொடங்கினான். "அக்கா, கதவு தானாய்ப் பூட்டுப்படேல்லை. நான்தான் பூட்டினனான். ஒரு சின்னச் சண்டை. கொஞ்ச நேரம் விறைக்கட்டும் எண்டுதான் நினைச்சன். பிறகு திறக்கப் பயமாக் கிடந்தது. விடியுமட்டும் தட்டினவன், அக்கா. குளிருது எண்டு சொல்லேல்லை. பசிக்குது, பசிக்குது எண்டுதான் கத்தினவன்."

"தம்பி..."

"உவனுக்கு ஏன் சோறு போட்டனீங்கள்?"

"உனக்கெண்டுதானே வைச்சனான்."

தொடர்பு அறுந்துவிட்டது.

அவள் தம்பியை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. செய்தவனும் அவன்தான், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அவனைத்தான். உயிரைக் காப்பாற்ற இனி யாராலும் ஆகாது. பசியோடு அலைய விடாமலாவது பார்க்கலாம். எட்டாம் நாள்வரை அவளால் காத்திருக்க முடியாது. இரண்டு வாழையிலை எடுத்தாள். இறைச்சி சமைத்தாள். கதவைத் திறந்து, இருட்டைப் பார்க்காமல், இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பஸ்ரியன்" என்றாள். அந்தப் பேரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். "இது உமக்கு. மற்றது அவனுக்கு. அவன் செய்தது பெரிய பாவம். நான் காலிலை விழுறன். அவனையும் இருக்க விடும், ராசா."

கதவை மூடினாள்.

ஆறு மணி.

ஆறு அடித்து முடிந்தது.

குழாய்கள் முனகவில்லை. லிஃப்ற் சத்தமில்லை. உள்ளே மெல்லும் சத்தம் மட்டும். ஒரு வாயின் சத்தம்.

இரண்டாவது வாய் எங்கே?

அவள் தட்டவில்லை. மரியாதை பார்க்கிற நேரமில்லை. திறந்தாள்.

முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் இருந்தான். கடை உடுப்பு. தலைமயிரில் வெள்ளைப் பூப்போலப் பனி. இரண்டு இலையும் அவன் முன்னால். இரண்டும் வெறுமை.

"தம்பி எங்கை?"

அவன் திரும்பவில்லை. யன்னல் பக்கம் கையை நீட்டினான்.

பதினோராம் மாடி. வெளியே நிற்க இடமில்லை. ஆனால் ராகுலன் நின்றான். வெறுங்கால். மெல்லிய சட்டை. இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில். வாய் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. சத்தம் வரவில்லை. சொல் தெரிந்தது. பசிக்குது.

தவமணி ஓடிப் போய் யன்னல் கொளுவியைப் பிடித்தாள். உறைந்திருந்தது. இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கொளுவியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இமைகளில் பனி கட்டத் தொடங்கியது.

"அக்கா."

பின்னால் இருந்தவன் கூப்பிட்டான். மெதுவாக. வீட்டுப் பிள்ளை போல.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ, அக்கா."

கையைப் பிய்த்து எடுத்து அவள் திரும்பினாள். நீட்டிய இலை. அதைப் பிடித்திருந்த நீல விரல்கள். பொறுமையாகக் காத்திருந்தான்.

யன்னலில் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். தவமணி அழுதுகொண்டு அகப்பையை எடுத்தாள்.