எரியாத பிரேக் விளக்கு

டெட்ராய்ட் நதியிலிருந்து கிரேன் தூக்கிய பழைய பேக்கர்ட் காருக்குள் வாண்டா இருந்தாள்.

உயிர் இல்லை...

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, டிடெக்டிவ் ஒடெஸா, வாண்டாவின் புருஷன் காஸின் வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் காஸின் கூட்டாளி டெல்பர்ட், துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தான்.

பழைய சொகுசு கார்களுக்குப் பிரேக் வேலை பார்ப்பது இருவருக்கும் தொழில். அந்த பேக்கர்ட் காஸின் சொந்தக் கார். ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல். போன வாரம்தான் தன் கையாலேயே பிரேக்கைச் சரிசெய்திருந்தான்.

"கேஸை முடிக்கிறோம், காஸ். தற்கொலைன்னு எழுதப் போறேன்."

காஸ் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்குக் காலையில முட்டை கருகிப்போச்சுன்னு சொன்னேன், மேடம். அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கா என்னை விட்டுட்டுப் போவா?"

பாவம், மூன்று நாளாக அந்த முட்டையையே நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறான் மனுஷன்.

"சரிவுல வேகமா இறங்கி, நேரா ஆத்துல விட்டிருக்காங்க. பிரேக்கை மிதிக்கவே இல்ல."

"மிதிக்கலைன்னு எப்படித் தெரியும்?"

"பின்னாடி வந்தவர் பார்த்திருக்கார். இடது பக்க சிக்னல் மினுக்கிட்டே இருந்திருக்கு. பிரேக் விளக்கு மட்டும் எரியவே இல்ல."

காஸ் நிமிர்ந்தான்.

"சிக்னல் போட்டிருந்தாளா?"

"ஆமா. காரைத் தூக்கினப்பவும் லீவர் இடது பக்கமேதான் இருந்துச்சு."

"சாகப் போறவ எதுக்கு மேடம் சிக்னல் போடுவா? ஆத்தங்கரையில இடது பக்கம் திரும்பினா எங்க ஒர்க்‌ஷாப். அன்னைக்கு நான் பஸ்ல அங்க வந்துட்டேன். என்கிட்டதான் வந்திருக்கா!"

"அப்போ பிரேக் விளக்கு?"

"இப்போ வர்ற கார்ல மிதியை அழுத்தினாலே விளக்கு எரியும். இது பழசு. குழாய்ல பிரேக் ஆயில் அழுத்தம் ஏறினாத்தான் எரியும். ஆயில் ஒழுகிப்போயிருந்தா, நூறு தடவை மிதிச்சாலும் பிரேக்கும் பிடிக்காது, விளக்கும் எரியாது..."

ஒடெஸா பேனாவை மூடினாள்.

"யோசிச்சுப் பேசுங்க. பிரேக் வேலை பார்த்தது நீங்க."

"நான்தான். ஏதோ ஒரு நட்டை முறுக்காம விட்டிருப்பேன். என் பேரை எழுதிக்குங்க."

"ஜெயில், காஸ்."

"போறேன். அவ என்னை விட்டுட்டுப் போகலைன்னு மட்டும் எழுதுங்க, மேடம்."

ஒடெஸா எழுதுவதற்காக மறுபடியும் பேனாவைத் திறந்தாள். ஆனாலும் போலீஸ் மூளை சும்மா இருக்குமா?

"இந்த விளக்கு விஷயம் உங்களை மாதிரி பிரேக் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியுமா?"

"முதல் நாளே தெரிஞ்சுடும்."

"அப்படின்னா எனக்கு ஒண்ணு புரியல. பின்னாடி வந்து பார்த்தவர் டெல்பர்ட்தான். அவர் ஏன் இதை என்கிட்ட சொல்லல?"

சமையலறையில் சத்தம் நின்றது.

டெல்பர்ட் வாசற்படியில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"நட்டைத் தளர்த்தினது நான்தான், காஸ்."

"டேய்... ஏன்டா?"

"அன்னைக்கு நீ ஓட்டிட்டு வர்றதா இருந்துச்சு. நீ இல்லைன்னா வாண்டா என்னைப் பார்ப்பான்னு நினைச்சேன். அவ ஓட்டிட்டுப் போறதைப் பார்த்ததும் துரத்தினேன். ஹார்ன் அடிச்சேன்... அவ சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டிட்டுப் போனா."

காஸ் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று ஒடெஸா குறுக்கே வந்தாள்.

அடிக்கவில்லை.

"கடைசியில... மிதிச்சாளா?"

"தலை குனிஞ்சு குனிஞ்சு எழுந்துச்சுடா. ஆத்துல விழற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருந்தா."

காஸ் நாற்காலியில் சரிந்தான். மூன்று நாளாக வராத அழுகை இப்போது வந்தது. என்னை விட்டுப் போகவில்லை, என்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள் என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

ஒடெஸா டெல்பர்ட்டின் கையில் விலங்கை மாட்டினாள்.

"நான் பொய் எதுவும் சொல்லலையே, மேடம்..." என்று முனகினான் அவன்.

"அதான் எனக்கும் புதுசா இருக்கு. இருபது வருஷமா பொய் சொன்னவங்களைத்தான் பிடிச்சிருக்கேன். உண்மையைச் சொல்லி மாட்டிக்கிட்ட முதல் ஆள் நீதான்... நட!"