மூச்சு வாங்கும் மேடு

மழை பிடித்துக்கொண்டது. நெஞ்சுநோய்ப் பிரிவின் நீண்ட தாழ்வாரத்தில் சாரல் அடிக்க, ஸல்வாங்கோ தலையைக் குனிந்தபடி நடந்தாள். எதிரே வந்தவன் மேல் மோதிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கண்ணு... தெரியலையா... ஸெபோ?" 'ஐயா' என்ற அந்த மரியாதைச் சொல்லிலும் கோபம் இருந்தது.

அவன் சுவரில் கையூன்றி, 'கொஞ்சம் பொறு' என்று விரலைக் காட்டினான். அவளுக்கும் இரைத்தது. சண்டை போடக்கூட இருவரிடமும் காற்று இல்லை.

"தெரியுது... ன்யாபோ," என்று அவனும் 'அம்மணி' என்ற மரியாதையோடே சொன்னான் கடைசியில். "அழகாத்தான்... தெரியுது. அதான் மோதிட்டேன்."

மழையில் கழுவிவிட்டது போல் மினுங்கின அவனுடைய கரிய கண்கள். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்... ஆனால், கொஞ்சம் தாமதமாக.

முகீபி அவன் பெயர். கம்பாலாவில் சந்தைக்குப் பின்னால் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவளைப் போலவே அவனுக்கும் காசநோய் வந்து குணமாகிவிட்டது. நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது. அந்தத் தழும்போடு நடக்கப் பழக்குவதுதான் அந்தப் பிரிவில் சிஸ்டர் அகெல்லோ நடத்தும் வியாழக்கிழமை வகுப்பு. இருவரும் அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

நடக்கத் தொடங்குமுன் முகீபி எல்லோர் எதிரிலும் இன்ஹேலரை எடுப்பான். துளையிட்ட தண்ணீர் பாட்டிலில் அதைப் பொருத்தி மருந்தை ஆழமாக இழுப்பான். ஸல்வாங்கோ பையைத் திறக்கவே மாட்டாள். அதனால் பாதித் தாழ்வாரத்திலேயே நின்றுவிடுவாள்.

"மருந்து உங்க பைக்கா, நெஞ்சுக்கா?" என்று சீண்டினான்.

"உங்களுக்கென்ன வந்தது?"

"நீங்க நின்னா நானும் நிக்க வேண்டியிருக்கே."

"யாரு நிக்கச் சொன்னா?"

"இந்தக் கால்தான். நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது.

ஒருநாள், மழை விடக் காத்திருந்தபோது, அவளாகவே சொன்னாள். "பெண் கேட்டு வந்தவங்க எதிர்ல மூச்சு முட்டிப்போய் இந்த மருந்தை இழுத்தேன். மாப்பிள்ளையோட அத்தை பாத்துட்டாங்க. அப்புறம் அந்த வீட்லேருந்து யாருமே வரல."

முகீபி மெல்ல, "உங்க வீடு மேட்டு மேல இல்ல? என் தம்பி வாடகை பைக் ஓட்டறான். இனிமே அவன் கொண்டுவந்து விடட்டும்," என்றான்.

அவள் முகம் இறுகியது.

"பாவம் பாக்கறீங்களா?"

"இல்ல ன்யாபோ, நான்..."

"எனக்கு யாரோட இரக்கமும் வேண்டாம்."

மழையிலேயே இறங்கிப் போனாள். அடுத்த வியாழன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வியாழனும்...

வீட்டில், பெண்கள் விசேஷங்களுக்கு உடுத்தும் கோமேசி உடைகள் தைக்கக் குவிந்து கிடந்தன. தகரக் கூரையில் மழை தட்டும். பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்தால் போதும், அவள் கையில் ஊசி நின்றுவிடும். 'யாரோ ஒருத்தர்... பாத்தா என்ன, பாக்காட்டா என்ன?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சந்தை ஒன்றும் தொலைவில் இல்லை. மேட்டை விட்டு இறங்கினால் போதும். இறங்கத்தான் மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மழை ஓய்ந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தவள் ஊசியைக் கீழே வைத்தாள். செம்மண் பாதையில் ஒருவன் ஏறி வந்துகொண்டிருந்தான். சிறிது நடப்பான், நிற்பான். வாடகை பைக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டார்கள். கையசைத்து மறுத்துவிட்டான். பலாமரத்தில் சாய்ந்து, இன்ஹேலர் பொருத்திய பாட்டிலை வாயில் வைத்தான். மறுபடி ஏறினான்.

அந்த மேட்டை அவளுக்குத் தெரியும். எந்தத் திருப்பத்தில் நெஞ்சு எரியும் என்பதும் தெரியும்.

பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். திருப்பத்தில் மூச்சு முட்டியது. வாழைக்காய் சுடும் பெண், பைக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று தெருவே நின்றது. அவள் பையைத் திறந்தாள். எல்லோர் கண்ணெதிரிலும் இன்ஹேலரை இழுத்து, மூச்சை அடக்கி, விட்டாள். வாழைக்காய்க்காரி ஒரு தடவை பார்த்துவிட்டு, காயைப் புரட்டிப் போட்டாள். அவ்வளவுதான்.

எதிரே முகீபி உதடு வெளுத்து நின்றிருந்தான்.

"தம்பி பைக்ல வந்திருக்கலாமே?"

"தினம் நீ... ஏறுற மேடு... என்னன்னு தெரியாம... பேசிட்டேன்." சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. "பாவம் பாக்கல... ஸல்வாங்கோ. நான்... உன்னை..."

அதற்குமேல் வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாதீங்க. இப்பத்தான் மருந்து இழுத்தேன், எனக்குக் கொஞ்சம் மூச்சு இருக்கு. நானே சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பாக்காத நாளெல்லாம் ரொம்பத் தேடுச்சு."