நாற்பதடிச் சுவர்

செவ்வாய்க்கிழமை அவள் தன் கையாலேயே வட்டம் போட்ட இடம் புதன்கிழமை காலையில் கெட்டியாக இருந்தது.

மறுபடி தட்டிப் பார்த்தாள். மரச்சுத்தியால் இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. டக்டக். டக். இருபத்திரண்டு வருஷமாக அவள் தட்டும் தாளம் அதுதான். பழைய கட்டிடங்களைக் காக்கிற வேலையில் பாதி இப்படிக் காது கொடுப்பதுதான். பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். விலகி உள்ளே வெற்றிடம் விழுந்திருந்தால் 'பொக்' என்று வரும். பொக் என்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம், அதற்குள் அன்றைய தேதி. பழைய வட்டங்களை அழிக்கவே கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். நேற்று இங்கே ஏழு வட்டங்கள் போட்டிருந்தாள், ஏழும் இன்று கெட்டி.

ஐந்தடி தள்ளித் தட்டினாள். நேற்று பாறை மாதிரி இருந்த இடம்.

பொக்.

"மேஸ்திரி, நேத்து சாயங்காலம் நீங்க ஊசி ஏதும் போட்டீங்களா?" சுவரில் துளையிட்டுச் சுண்ணாம்புக் குழம்பை உள்ளே செலுத்துவதைத்தான் அவர்கள் ஊசி என்பார்கள்.

"எங்க போட்டேன் இஞ்சினியரம்மா? சுண்ணாம்பே இன்னும் ஊறிக்கிட்டுதான் இருக்கு." மேஸ்திரி சாரத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன், சுவர் தானா குணமாயிடுச்சா? அப்ப நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்களே!"

அவள் சிரித்து வைத்தாள். நேற்று சரியாகக் காது கொடுக்காமல் வட்டம் போட்டிருக்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அது பழைய நீதிமன்றக் கட்டிடம். நூற்று நாற்பது வயது. நீதிமன்றம் வேறு இடத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்ததால் பகலிலும் தாழ்வாரத்தில் வெளிச்சம் கோடு கோடாகத்தான் விழும். ஈரச் சுண்ணாம்பு, புறா எச்சம், மக்கிய காகிதம், எல்லாம் கலந்த ஒரு வாடை எப்போதும் இருக்கும். அவளுக்கு அது பிடித்த வாடை. தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்க நாற்பதடி நீளச் சுவர். அதன் முடிவில் பெரிய வளைவு. வளைவுக்கு அடியில் தெருவைப் பார்த்த இரட்டைக் கதவு. மேல்மாடி மொத்தமும் அந்த வளைவின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கட்டிடத்தைச் சோதிக்கும் அரசுக் குழு வருகிறது. அவர்களே தட்டிப் பார்ப்பார்கள். வளைவுக்குக் கீழே பொக் என்று ஒரு சத்தம் வந்தால் போதும், 'ஆபத்தான கட்டிடம்' என்று எழுதி இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டுவார்கள்.

அன்று மதியமே தலைமைப் பொறியாளர் போனில் வந்தார். அலுவலகத்தில் அவளுக்கு 'சுவர் டாக்டர்' என்று பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான்.

"என்ன டாக்டரம்மா, நோயாளி எப்படி இருக்கார்? பேசாம ஆபத்துன்னு எழுதிக் கொடுத்துடுங்களேன். எல்லாருக்கும் நிம்மதி."

"சார், மார்க்கெட் கட்டிடத்துல நான் போட்ட வட்டத்தைக் காட்டித்தான் மார்க்கெட்டை இடிச்சீங்க. ரிப்பேர் பண்ணத்தான் வட்டம் போட்டேன், நீங்க அதை மரணச் சான்றிதழ் ஆக்கிட்டீங்க. இன்னொரு தடவை ஏமாற மாட்டேன்."

"தனியா நின்னு என்ன பண்ணப் போறீங்க?"

"நின்னு பார்க்கிறேன் சார்."

போனை அவளே முதலில் வைத்தாள். கோபத்தில்தான். மார்க்கெட் விழுந்த நாளில் அவள் தெருமுனையில் நின்று பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதி, துண்டு துண்டாக லாரியில் ஏறிப் போயின. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

வியாழக்கிழமை, புதன்கிழமையின் ஏழு வட்டங்களும் கெட்டி. ஐந்தடி தள்ளிப் புதிதாக ஏழு. வெள்ளிக்கிழமை ஊறிய சுண்ணாம்பை எடுத்து மேஸ்திரி ஊசி போட்டார். குழம்பு உள்ளே இறங்கவே இல்லை, துளை வழியாக அப்படியே திரும்பி வழிந்தது. அவர் சுவரில் காதை வைத்தார். பிறகு அதைச் சட்டென்று எடுத்துவிட்டு உள்ளங்கையால் காதைத் தேய்த்தார்.

"என்ன மேஸ்திரி?"

"ஒண்ணுமில்ல." அதற்குப் பிறகு அவர் ஜோக் அடிக்கவில்லை. ஐந்தடி தள்ளி அவள் வெள்ளிக்கிழமையின் வட்டங்களைப் போட்டபோதும் பக்கத்தில் வரவில்லை.

வீட்டில் அவள் மேசையைத் தட்டினாள், கதவைத் தட்டினாள், படுக்கையில் கணவரின் தோளைத் தட்டினாள். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. "ஆள் கெட்டியாத்தான் இருக்கேன், பயப்படாதே" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து சொல்லும் அதே பதில். பதிலுக்கு அவள் முதுகில் அதே தாளத்தில் தட்டினார். "நீயும் கெட்டி. தூங்கு."

சனிக்கிழமை முப்பத்தைந்தாவது அடியில் கடைசி வட்டத்தைப் போட்டுவிட்டு, இடுப்பு வலிக்கிறதே என்று எதிர்ச்சுவர்வரை பின்னால் போய் நின்றாள். இத்தனை நாளும் மூக்கு உரசும் தூரத்தில்தான் சுவரைப் பார்த்திருந்தாள். இப்போதுதான் மொத்தமாகப் பார்த்தாள்.

ஐந்து நாள். ஐந்து கூட்டம். ஒவ்வொன்றிலும் ஏழு வட்டம். மேலே ஒன்று. அதற்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நடுவில் ஒன்று. கீழே இரண்டு. தனியாக நீட்டிக்கொண்டு ஒன்று.

தலை. தோள்கள். வயிறு. கால்கள். கை.

செவ்வாய்க்கிழமை இடது கால் முன்னால் இருந்தது. புதன்கிழமை வலது கால். வியாழக்கிழமை இடது. ஐந்து நாளும் அந்தக் கை கதவை நோக்கியே நீண்டிருந்தது.

சாரத்திலிருந்து இறங்கி வந்த மேஸ்திரியும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சினியரம்மா, நேத்து நான் காதை வச்சப்ப உள்ள மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. சுவர்ல காத்து போறதுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இனிமே இந்தச் சுவர்ல நான் கை வைக்க மாட்டேன். நீங்களும் வைக்காதீங்க. விட்டுருங்க."

"நாளைக்கு இது நாற்பதாவது அடிக்கு வரும் மேஸ்திரி. வளைவுக்கு நேர் கீழே. நாளன்னைக்குக் காலையில அவங்க வந்து தட்டுவாங்க."

"வந்தா வரட்டும். ஒரு கட்டிடம்தானே?"

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் சுவர் பூசியவர் சொல்கிற பேச்சா இது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று. அவருக்கு உதடு வெளுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவள் மட்டும் உள்ளே போனாள். மேஸ்திரி வாசல் கேட்வரை வந்தார், அதற்குமேல் வரவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஹாரன், யாரோ யாரையோ திட்டும் சத்தம், ஒரு சைக்கிள் மணி, எல்லாம் பலகை இடுக்குகள் வழியாக உள்ளே வந்து தாழ்வாரத்தின் பாதி தூரத்திலேயே அடங்கிப் போயின. கதவுப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. புறாக்கள்கூட மறுகோடியில் ஒண்டிக்கொண்டு கிடந்தன. ஈரச் சுண்ணாம்பு வாடையில் இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது, ரொம்ப நாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருகிற வாடை.

முப்பத்தைந்தாவது அடியில் தட்டினாள். கெட்டி.

நாற்பது. தலை உயரத்தில்.

பொக்.

அவள் வட்டம் போடவில்லை. சுத்தியை இறக்கினாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு வேகமாக. ஒன்று நிதானமாக.

அவள் தாளம்.

ஓடவேண்டும் என்று கால் சொன்னது. அவள் ஓடவில்லை. பயத்துக்கும் மேலே கோபம் வந்தது. இடிப்பதற்கென்று வெளியே ஒரு கூட்டம், மனு எழுதி எழுதித் தேய்ந்த விரல், மார்க்கெட், லாரி, சுவர் டாக்டர் என்ற கிண்டல். இப்போது இது வேறு.

"யாரு நீ?" என்றாள் சத்தமாக. "யாரா வேணா இரு. எத்தனை வருஷமா உள்ள இருக்கியோ, எனக்குத் தெரியாது. ஆனா நீ இங்க வந்து நின்னா நாளைக்கு இந்தக் கட்டிடம் போச்சு. அதுக்கு நான் விட மாட்டேன். கேட்குதா?"

சுவர் சும்மா இருந்தது.

அவள் திரும்பி, வளைவின் தூணில் முதுகை அழுத்தி, குதிகாலை ஊன்றி நின்றாள். "வெளியே போகணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்."

பூச்சு சில்லென்று இருந்தது. அந்தக் குளிர் ரவிக்கை வழியாக வந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே. ஒரு உள்ளங்கை அளவுக்கு. அழுத்தவில்லை. தொட்டுப் பார்த்தது. விரல்கள். ஒவ்வொன்றாக.

அவள் நகரவில்லை.

பிறகு உடம்பு லேசாயிற்று. அவ்வளவுதான். இரண்டு வேளை பட்டினி கிடந்த மாதிரி ஒரு லேசு. பஸ் ஹாரன் திடீரென்று காதுக்குப் பக்கத்தில் கேட்டது. புறாக்கள் படபடத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி வந்தன.

அவள் நாற்பதடியும் தட்டினாள். தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை, ஒரு சாண் விடாமல். கெட்டி. எல்லாம் கெட்டி. சாயங்காலம் கேட்டைத் திறந்து வெளியே வந்து, "போயிடுச்சு மேஸ்திரி" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க போச்சு?" என்று கேட்டார். அவளுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை குழுவில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தன் சுத்தியையே கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நேரம் தட்டினார், வளைவுக்குக் கீழே மட்டும் இருபது நிமிஷம். "இத்தனை வட்டம் போட்டிருக்கீங்க, ஒண்ணுலகூட பூச்சு விடலையே?" என்றார்.

"சரியாயிடுச்சு சார். நீங்களே தட்டிப் பார்த்துட்டீங்க. அப்படியே எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். கூடவே வந்திருந்த தலைமைப் பொறியாளர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவளுக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். தண்ணீர் எங்கோ ஆழத்தில் போய்ச் சொட்டுவது அவள் காதுக்கே கேட்டது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். மேஸ்திரியின் கேள்வி அப்போதுதான் உறைத்தது.

எங்க போச்சு?

விரலை மடக்கி நெஞ்செலும்பில் தட்டினாள். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக.

பொக்.

கைப்பையில் சாக்பீஸ் இருந்தது. நெஞ்சில் ஒரு வட்டம் போட்டாள். தேதி எழுதினாள். வேலை வேலைதான். 'இங்கேயே இரு' என்று கண்ணாடியைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள். 'கட்டிடம் நிற்கிறது. நானும் நிற்பேன். உன்னை விட மாட்டேன்.'

வட்டத்துக்குள் மறுபடி தட்டினாள்.

கெட்டி.

காறையெலும்பில் தட்டினாள். கெட்டி.

தொண்டைக்குழி.

பொக்.

சுவரில் அது ஐந்தடி நடக்க ஒரு நாள் ஆயிற்று. இங்கே அவ்வளவு தூரம் இல்லை. அது எப்போதும் கதவை நோக்கித்தான் நடந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். நாக்குக்குப் பின்னால், குளிர்ச்சியாக, ஒரு விரல் நுனி. பிறகு இன்னொன்று.

வெளியே கணவரின் செருப்புச் சத்தம். "ஜெயிச்சுட்டியாமே! மேஸ்திரி போன் பண்ணினார். என்ன, உள்ளேயே இருக்கே?" அவர் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டினார். அவளைக் கிண்டல் செய்யும்போது தட்டுகிற அதே மாதிரி. இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. "கதவைத் திறயேன்."

கண்ணாடியில் அவள் உதடுகள் கோடாக இறுகியிருந்தன. கண்ணில் நீர் வழிந்தது. அவள் திறக்கவில்லை.

பற்களின் உட்பக்கத்தில், இரண்டு வேகமாக.

ஒன்று நிதானமாக.