அம்முலுவுக்கு மட்டும் பாட்டில்லை

டெண்ட் கொட்டகையின் பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு அம்முலு உள்ளே நுழைந்தபோது, அவன் ஒரு இசைத்தட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊர் வம்பையெல்லாம் பாட்டாகப் போடுகிறவன் தலை நரைத்த குசும்பனாக இருப்பான் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். இருந்ததோ சுருட்டை முடியும் சாதுவான கண்ணுமாக ஒரு இளவட்டம்... நிமிர்ந்தவன் அவளையே பார்த்தான். பார்க்கிற பார்வையைப் பார் என்று அவளுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"நீதான் பாட்டு போடறவனா?"

"ஆமா... இன்னா வேணும்?"

"நேத்து சாயங்காலம் மாப்பிள்ளைய கிண்டல் பண்ணி ஒரு பாட்டு போட்டியே... அந்தப் பொண்ணு நான்தான்."

அவன் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

அரிசிக்கு க்யூ நின்ற வருடம் அது. உத்திரமேரூரில் பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஊர் சேதி சொன்னது இந்தக் கொட்டகையின் ஒலிபெருக்கிக் குழாய்தான். இருட்டினால்தான் படம், அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பாட்டு. முதலாளி புதுப் பாட்டாகப் போடச் சொல்லியிருந்தார். ஆனால் பாட்டுப் போடும் பச்சமுத்துவிடம் யுத்த காலத்துக்கும் முந்தின தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவன் பிழைப்பும் விளையாட்டும் அதில்தான் இருந்தது. ரேஷன் கடை திறக்காத அன்றைக்குப் பசித்தவன் சாமியோடு வழக்காடும் நாடகப் பாட்டு வரும். மந்திரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன அன்றைக்கு, வழி பார்த்துக் கண் பூத்த ஒருத்தியின் புலம்பல் வந்தது. தெருவிளக்குக் கம்பம் நட்டு மாதக்கணக்காகியும் கரண்ட் வராததற்கு, நிலாவைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சும் ஒரு பாட்டு. ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. ஒரு நாள் போலீஸ்காரர் கூப்பிட்டு மிரட்டியதற்கு, "இது வெள்ளைக்காரன் இருந்தப்போ வந்த பாட்டுங்க, அப்பவே பாடி வெச்சிட்டான், நான் இன்னா பண்ணட்டும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தானாம்.

அம்முலுவும் சிரித்தவள்தான்... முந்தாநாள் வரைக்கும். அன்றைக்குத் தாமலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வேதகிரி கூலிக்கு ஏர் ஓட்டுகிறவர். சைக்கிள் கேட்டார்கள், எப்படியோ ஒத்துக்கொண்டார். கைக்கடிகாரமும் கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்கள் வெற்றிலைத் தட்டைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பச்சமுத்து காதுக்கு. மறுநாள் சாயங்காலம் குழாயில், மாப்பிள்ளையைச் சந்தை மாடு மாதிரி பல் பிடித்துப் பார்த்து விலை பேசும் ஒரு பழைய கேலிப் பாட்டு.

அவன் திணறித் திணறிச் சொன்னான். அந்தத் தாமல்காரர்களுக்கு உறைக்கட்டும் என்றுதான் போட்டானாம். அவளை ஒரு சொல் சொல்ல நினைக்கவே இல்லையாம்.

"அவங்க தாமல்ல கீறாங்க. அவங்க காதுல வியுந்துதா? இங்க மண்டியில நான் குந்திக்கினு கீறேன். எல்லாரும் என் மூஞ்சிய பாத்துதான் சிரிச்சாங்க."

அவன் முகம் வாடிப்போனது. பொய் வாட்டம் இல்லை... அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வந்த வேகத்தில் சொல்லி முடித்தாள். "ஊருக்கு ஒண்ணுன்னா போட்டுக்கோ. எனக்கு நல்லது நடந்தாலும் சரி, கெட்டது நடந்தாலும் சரி, உன் குழாய் வாய தொறக்கக் கூடாது."

பச்சமுத்து தன் பாட்டு மிஷின் மேல் உள்ளங்கையை வைத்தான். "எனக்கு சோறு போடறது இது. இதும்மேல சத்தியம். உனக்குன்னு ஒரு பாட்டு இந்தக் கொட்டாயில வராது."

அவ்வளவுதான் விஷயம். அவள் திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் மழைக்கு அன்றைக்கென்று வேளை பார்த்து வரத் தெரிந்தது! ஏரிப் பக்கமிருந்து சடசடவென்று இறங்கியது. கீற்று விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது... இமையில் ஒரு துளி நின்று, விழவா வேண்டாமா என்று யோசித்தது. அவன் ஒரு சாக்குப் பையை முக்காடாக மடித்து, அவளைப் பார்க்காமல் நீட்டினான்.

"வேணாம்."

"என் மேல கோவம்னா என் மேல காட்டு. சாக்கு இன்னா பண்ணிச்சு?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் சிரித்திருப்பாள். சாக்கை வெடுக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். பின்னால் திரும்பவில்லை. திரும்பாமலே அவன் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

அம்முலு வேலை செய்தது அஹமது பாட்சாவின் வேர்க்கடலை மண்டியில். பத்துப் பெண்கள் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரிப்பார்கள். சாயங்காலம் குழாய் பாட ஆரம்பித்ததும் இன்றைக்கு யாருக்குப் பாட்டு என்று பந்தயம் நடக்கும். ஏரி நிரம்பித் தண்ணீர் வழிந்து கடை போன அன்றைக்கு ஒரு பாட்டு. ரேஷனில் புழு வைத்த அரிசி போட்டதற்கு ஒன்று. பந்தயத்தில் எப்போதும் ஜெயிப்பவள் கோவிந்தம்மாள். அம்முலு வாய் திறப்பதில்லை. விரல் அது பாட்டுக்கு ஓடு உடைக்கும், காது மட்டும் கொட்டகையில் இருக்கும். இந்தத் தட்டை இப்போது எடுத்திருப்பான்... துணியால் துடைத்திருப்பான்... ஊசியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வானோ? இதையெல்லாம் நினைக்க எனக்கென்ன வந்தது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாளும் அதையேதான் நினைப்பாள்.

கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். அவள் கண் அவன் கண்ணைத் தேடிப் போகும். அவன் கண் மண்ணைத் தேடிப் போகும். கொடுத்த சத்தியத்தை இவ்வளவு சுத்தமாகவா ஒரு மனுஷன் காப்பாற்றுவான்...

கார்த்திகையில், தாமல் சம்பந்தம் கொண்டுவந்த கல்யாணத் தரகர் மறுபடி வந்தார். தாமல்காரர்களுக்குக் கடிகாரம் வேண்டாமாம், சைக்கிளும் வேண்டாமாம், பெண் போதுமாம். அம்மா சிட்டம்மாள் பூரித்துப் போனாள். அம்முலு வேண்டாம் என்றாள். தட்டைத் தொடாமல் போனவர்கள் வீட்டில் வாழமாட்டேன் என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா, அவள் சொல்வது ஞாயந்தான் என்றார். அவள் சொன்ன காரணம் பொய்யில்லை... ஆனால் பாதிதான். மீதிப் பாதியை யாரிடம் சொல்வாள்?

கூலிக்காரன் மகள் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. அன்றைக்குச் சாயங்காலம் மண்டியில் பந்தயமே கட்டவில்லை. அம்முலுவுக்குத்தான் பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் காதைக் குழாய்ப் பக்கம் வைத்துக்கொண்டாள். போடமாட்டானா... ஒரு தடவை மறந்து போய்ப் போடமாட்டானா...

குழாயில் புதுப் படத்துப் பாட்டு ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் புதுசு. அத்தோடு படம் ஆரம்பித்துவிட்டது. முறத்தின் மேல் குனிந்துகொண்டு அம்முலு அழுதாள். தூசி விழுந்துவிட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கோவிந்தம்மாள் முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போய்க் கேட்டுவிடலாம்... எப்படிக் கேட்பது? வாயைத் திறக்காதே என்றவளும் அவளேதானே. அந்த வீறாப்பே வழியை மறித்தது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மார்கழியும் போனது.

தை பிறந்ததும் பாட்சா ஒரு சேதி சொன்னார். கொட்டகையின் லைசென்ஸ் முடிகிறதாம். கீற்றைப் பிரித்து வண்டியில் ஏற்றி வந்தவாசிப் பக்கம் போகிறார்களாம். இன்றைக்குத்தான் கடைசி ஆட்டமாம், விடிந்தால் வண்டி.

அன்று சாயங்காலம் முழுக்கப் பழைய பாட்டுதான். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. தண்ணீர் கொடுத்த ஏரிக்கு ஒரு பாட்டு. கடனுக்கு டீ கொடுத்த கடைக்காரருக்கு ஒன்று. கடைசியில் ஒரு வழியாக எரியத் தொடங்கிய தெருவிளக்குக்கு ஒன்று. மண்டிப் பெண்களுக்குக் கூட, கை வலிக்க நெல் குத்தும் பெண்கள் பாடும் பாட்டு ஒன்று வந்தது. ஒவ்வொரு தட்டு முடியும்போதும் அம்முலு உரிப்பதை நிறுத்திக் காத்தாள். அடுத்தது எனக்கு... இல்லை. அடுத்தது... அதுவும் இல்லை.

மடியிலிருந்த மல்லாட்டை சிதற எழுந்தாள். கடைத்தெருவில் அத்தனை பேர் பார்க்க, டிக்கெட்டுக்கு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். மானம் போகிறதா, போகட்டும். அவன் போகிறானே...

பச்சமுத்து மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் தட்டுகள் இறைந்து கிடந்தன.

"ஊர்ல கம்பத்துக்குக் கூட பாட்டு போட்ட. எனக்கு?"

அவன் எழுந்து நின்றான். "சத்தியம் பண்ணிக்கீறேனே..."

"வாங்கின நான்தான் வந்து கேக்கறேன். போடு."

தட்டுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "போட மாட்டேன்னுதானே சொன்னேன்... தேட மாட்டேன்னு சொல்லல. அந்தத் தாமல்காரன நீ வேணாம்னு சொன்ன நாள்லேருந்து தேடிக்கினு கீறேன், அம்முலு. இல்ல. எல்லாப் பாட்டுலயும் பொண்ணு அழுவுது, இல்லன்னா காத்துக்கினு கீது. வேணாம்னு சொல்லிட்டு நிமிந்து நின்ன பொண்ணுக்கு ஒரு பாட்டு பழசுல எவனும் பாடல."

அவளுக்குக் கண் நிறைந்தது. "நானும் அழுதேன். நானும் காத்துக்கினுதான் கீறேன்... நீதான் பாக்கல."

ஓடிக்கொண்டிருந்த தட்டு முடிந்துபோய், குழாய் ஊர் முழுக்கக் கரகரத்தது. வெளியே யாரோ பாட்டு எங்கேயென்று கேட்டார்கள். அவன் காதில் அது விழவில்லை. எத்தனையோ பேர் மனசை அடுத்தவன் குரலில் சொன்னவனுக்கு, சொந்தக் குரல் வரவில்லை.

"பாட்டு இல்லாம... எனக்கு சொல்ல வராது."

"வரும். சொல்லு."

"காலையில வண்டி..."

"வண்டி போவட்டும்."

அவன் குனிந்து ஊசியைத் தூக்கி வைத்தான். குழாய் அடங்கியது.

"அந்தச் சாக்க போட்டுக்கினு மழையில போனியே... அன்னிக்கே கூட வந்துடணும்னு இருந்துச்சு. உன்ன வுட்டுட்டுப் போவ முடியல, அம்முலு. உன்னக் கட்டிக்கினு இங்கியே இருக்கணும்."

அம்முலு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்த அப்படியே நைனாகிட்ட வந்து சொல்லு," என்றாள்.